டர்போ காரின் இன்டர்கூலர்: யாழ்ப்பாணத்து வெக்கையில் காற்றோட்டத்தைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரை, வைகாசி மாதங்களில் டர்போ வாகனம் வைத்திருக்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. விடியற்காலையில் நன்றாக இழுக்கிற வாகனம் மத்தியானம் சோர்ந்துபோகிறது. கராச்சில் கேட்டால், "பெரிய இன்டர்கூலர் ஒன்று போட்டால் சரி" என்று பதில் வரும். பெரும்பாலும் அது அவசரப்பட்டுச் சொல்லும் பதில். இன்டர்கூலர் என்பது, டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் குளிர்விக்கிற உறுப்பு. இருக்கிற இன்டர்கூலருக்குள் வெளிக்காற்று ஒழுங்காகப் போய், ஒழுங்காக வெளியேறுகிறதா என்று பார்த்த பிறகுதான் புதியதை வாங்குவது பற்றி யோசிக்க வேண்டும். எப்படிப் பார்ப்பது, எதைத் திருத்துவது, கடைசியில் வாங்கத்தான் வேண்டுமென்றால் எதைப் பார்த்து வாங்குவது என்பதை ஒழுங்குமுறையாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுவதற்காக டர்போ காற்றை அமுக்குகிறது. அமுக்கினால் காற்று சூடாகும். வெளியே 33 பாகை செல்சியஸ், பூஸ்ட், அதாவது டர்போ கூட்டுகிற அழுத்தம், 1 பார் (ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ), டர்போவில் காற்றை அமுக்கும் பகுதியான கம்பிரசரின் திறன் 70 சதவீதம் என்று வையுங்கள். டர்போவை விட்டு வெளிவரும் காற்று 129 பாகையில் இருக்கும். சூடான காற்று ஐதானது, அதில் ஒட்சிசன் குறைவு. பெற்றோல் எஞ்சினில் இன்னொரு தொல்லையும் சேரும். சூடு கூடினால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடிக்கப் பார்க்கும். அதைத் தவிர்க்க எஞ்சின் கணினி தீப்பொறியைப் பின்தள்ளும், இழுவை போய்விடும். 92 ஒக்டேன் அடித்து ஓட்டுகிறவர்களுக்கு இது 95 அடிப்பவர்களைவிடச் சீக்கிரம் தெரியும். டீசலில் அந்த வெடிப்புப் பிரச்சினை இல்லை. ஆனால் ஒட்சிசன் குறையும்போது புகையும் புகைபோக்கிச் சூடும் கூடும்.

இன்டர்கூலரின் திறன் என்பது எளிய ஒரு பின்னம். உள்ளே வரும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வித்தியாசத்தில் எத்தனை பங்கை அது கழித்துவிடுகிறது என்பதுதான். 70 சதவீதத் திறன் என்றால், 129க்கும் 33க்கும் இடையிலுள்ள 96 பாகையில் 67 பாகை போய்விடும். எஞ்சினுக்குள் போவது 62 பாகைக் காற்று. அதே அழுத்தத்தில் 129 பாகைக் காற்றைவிட அது 20 சதவீதம் அடர்த்தி கூடியது.

இனி அதே கார் ஆஸ்பத்திரி வீதியில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட, நெரிசலில் நிற்கிறது. ஏசி ஓடுகிறது. இன்டர்கூலரைச் சுற்றியிருக்கும் காற்று 55 பாகை, ஓட்டமில்லாததால் திறனும் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டால், இடைவெளி கிடைத்து முடுக்குகிற அந்தக் கணத்தில் எஞ்சினுக்குப் போவது கிட்டத்தட்ட 99 பாகைக் காற்று. கோர் (இன்டர்கூலரின் குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதி) அதேதான், டர்போ அதேதான். 62 பாகையை 99 ஆக்கியது வெளிக்காற்று மட்டும். இனிமேல் சொல்லப்போகும் எல்லாம் இந்த 37 பாகையைப் பற்றியதுதான்.

படி 1: உங்கள் வாகனத்தில் அது எங்கே இருக்கிறது?

பொனற்றைத் திறந்து டர்போவிலிருந்து புறப்படும் தடித்த குழாயைப் பிடித்துக்கொண்டு போங்கள். மூன்றில் ஒன்றில் முடியும்.

எஞ்சினுக்கு மேலே படுத்திருந்தால் அது மேலமர்வு வகை. 1கேடீ (1KD) டீசல் எஞ்சின் பூட்டிய ஹைலக்ஸ், பிராடோ, பழைய எல்200, சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எல்லாம் இந்த ரகம். பொனற்றில் தெரிகிற அந்த மூக்கு அழகுக்கு வைத்ததில்லை, இன்டர்கூலருக்குக் காற்று கொடுக்க வைத்தது. குழாய் கட்டையாக இருப்பதால் டர்போவின் பதில் வேகமாகக் கிடைக்கும். குறை என்னவென்றால் எஞ்சின் சூடு முழுவதும் அதன் அடிவயிற்றில் படும். நின்றுவிட்டால் குளிர்விப்பது போய், அதுவே சூடேறிக் கிடக்கும்.

பம்பருக்குப் பின்னால், ரேடியேற்றருக்கு முன்னால் இருந்தால் முன்னமர்வு வகை. இங்கே நிறையவே ஓடுகிற ஹொண்டா சிவிக் 1.0 டர்போவில் பம்பரின் கீழ்வாயில் குனிந்து பார்த்தாலே தெரியும். பஸ், லொறிகளிலும் முன்னால்தான். புதுக்காற்றை முதலில் பிடிப்பது இதன் பலம். தான் வாங்கிய சூட்டைப் பின்னாலுள்ள ஏசி கொண்டென்சருக்கும் (ஏசியின் சூட்டை வெளியேற்றும் பகுதி) ரேடியேற்றருக்கும் தள்ளிவிடுவது இதன் பலவீனம்.

மூன்றாவது, தண்ணீரால் குளிர்விக்கும் வகை. காற்றின் சூட்டைத் தண்ணீர் வாங்கி, முன்னாலிருக்கும் தனிச் சின்ன ரேடியேற்றருக்குக் கொண்டுபோகும். தண்ணீர் சூட்டைத் தாங்கிக்கொள்வதால் கொஞ்ச நேர முடுக்கத்துக்கு அருமையாக வேலை செய்யும். தொடர்ந்து சுமை இருந்தால் கடைசியில் அதுவும் அந்த முன் ரேடியேற்றருக்குக் கிடைக்கும் காற்றைத்தான் நம்பியிருக்கிறது. இந்த வகையில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் பம்ப் உண்மையிலேயே ஓடுகிறதா என்பது.

காற்று இருக்கிற இடத்துக்கு இன்டர்கூலரைக் கொண்டுபோவதற்கு நல்ல உதாரணம் 1978ல் வந்த போர்ஷே 911 டர்போ 3.3. எஞ்சின் பின்னால் இருந்ததால் பின்சிறகுக்குள்ளேயே இன்டர்கூலரை வைத்தார்கள். அதற்கு முன், 1962ல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் இன்டர்கூலரே கிடையாது. வெடிப்பைத் தடுக்க தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தார்கள். அந்தத் தாங்கியை நிரப்ப ஓட்டுநர்கள் மறந்துபோவார்கள் என்பதுதான் அதன் கதை.

படி 2: வெப்பநிலையை அளவிடுதல்

ஓபிடி செருகியும் (எஞ்சின் கணினியின் அளவீடுகளைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் சின்னக் கருவி) கைத்தொலைபேசியும் போதும். 'உள்ளெடுக்கும் காற்றின் வெப்பநிலை' என்ற அளவீட்டைத் திறந்து வையுங்கள். ஒரு எச்சரிக்கை: பல வாகனங்களில் அந்த உணரி காற்று ஃபில்டருக்குப் பக்கத்தில், டர்போவுக்கு முன்னால் இருக்கும். அப்படியென்றால் அது சொல்வது இன்டர்கூலரின் வேலையை அல்ல. உணரி இன்டர்கூலருக்குப் பிறகு, இன்டேக் மேனிஃபோல்டிலோ (காற்றை எஞ்சின் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) அதற்கு முந்திய குழாயிலோ இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் இன்டர்கூலரின் வெளிவாய்க் குழாயில் ஒரு வெப்பநிலை உணரியை இறுக்கிக் கட்டி, மேலே பஞ்சு சுற்றலாம். துல்லியம் கொஞ்சம் குறைந்தாலும் முன், பின் ஒப்பிட அது போதும்.

சோதனைக்கு ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டிப் பரந்தன் பக்கம் போகிற நேரான துண்டு வசதியானது. 70 கி.மீ. வேகத்தில் சீராகப் போங்கள். திரையைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். முன்னமர்வு வகையில் வெளிவெப்பத்தைவிட 10 பாகைக்குள் கூடுதலாக இருந்தால் கவலை இல்லை. 25, 30 பாகை கூடுதல் என்றால் எங்கோ காற்று தப்பிப் போகிறது, அல்லது கோர் அடைத்திருக்கிறது. பிறகு ஒருமுறை நன்றாக முடுக்கி, காலை எடுத்ததும் எண் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கவனியுங்கள். எவ்வளவு ஏறியது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்பதுதான் காற்றோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

கடைசியாக, நெரிசலில் பத்து நிமிடம் நின்றபின் எவ்வளவு, நகர்ந்தபின் பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று சோதனைகளின் எண்களும் பின்னால் தேவைப்படும்.

படி 3: அழுத்தத்தை அளவிடுதல்

இதை அநேகமாக யாரும் செய்வதில்லை. ஆனால் இந்த வழிகாட்டியில் மிகப் பயனுள்ள படி இதுதான், செலவும் மிகக் குறைவு.

காற்று கோருக்குள் புகுவது முன்பக்க அழுத்தம் பின்பக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதால்தான். 70 கி.மீ. வேகத்தில் வந்து மோதும் காற்றால் அதிகபட்சமாகக் கிடைப்பது சுமார் 217 பஸ்கால். தண்ணீர் நிரலில் சொன்னால் 22 மில்லிமீற்றர் உயரம். அவ்வளவுதான். வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசியாகிவிடும், 35 கி.மீ. வேகத்தில் ஐந்தரை மில்லிமீற்றர்தான் மிஞ்சும். இவ்வளவு சிறிய அழுத்தத்தை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருப்பதால், ஒரு விரல் அகல இடைவெளிகூட பெரிய இழப்பாகிறது.

மீன் தொட்டிக்குப் பாவிக்கிற தெளிந்த குழாய் சில மீற்றர் வாங்குங்கள். ஒரு நுனியை இன்டர்கூலரின் முன்முகத்துக்குக் கிட்டவும், இன்னொன்றைப் பின்முகத்துக்குக் கிட்டவும் கட்டுங்கள். வாய் காற்றை நேரே பார்க்காமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நுனியில் சிறு ஸ்பொஞ்சுத் துண்டு செருகினால் இன்னும் நல்லது. இரண்டையும் கதவு இடுக்கால் உள்ளே கொண்டுவந்து, ஒரு பலகையில் 'ப' எழுத்தைப் போல் வளைத்து ஒட்டி, நிறம் கலந்த தண்ணீர் விடுங்கள். சீரான வேகத்தில் இரண்டு பக்கமும் உள்ள உயர வித்தியாசத்தைப் பாருங்கள். முடுக்கும்போதோ பிரேக் போடும்போதோ தண்ணீர் தானாகச் சாயும், அந்த நேரத்து எண்ணை விடுங்கள்.

70ல் 12, 15 மில்லிமீற்றர் வந்தால் அமைப்பு பரவாயில்லை. 5 என்றால் பிரச்சினை. எந்தப் பக்கத்தில் என்று அறிய, பின்பக்கக் குழாயைக் கழற்றி அந்த வாயை காருக்குள்ளேயே திறந்து விடுங்கள். கண்ணாடியெல்லாம் மூடி, ஏசி ஃபானையும் நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள். முன்பக்க அழுத்தம் மட்டும் இப்போது தெரியும். அது நன்றாக இருந்தால் காற்று வந்து சேருகிறது, வெளியேறத்தான் வழியில்லை. அது குறைவென்றால் காற்று கோரைத் தொடாமலே வேறு வழியால் போகிறது.

படி 4: காற்றுக்கு ஒரே வழியை விடுதல்

வெங்காயத் தோட்டத்து வாய்க்காலில் எலிவளை ஒன்று இருந்தால் இறைக்கிற தண்ணீர் பாத்திக்குப் போய்ச் சேராது. இங்கும் அதே கதைதான். பம்பரின் வாய்க்கும் கோருக்கும் இடையில் மேலே, கீழே, பக்கங்களில் இருக்கும் இடைவெளிகளால் காற்று நழுவிவிடும், ஏனென்றால் கோருக்குள் போவதைவிட அது சுலபம். மெல்லிய அலுமினியத் தகடோ கடினமான ரப்பர் பாயோ வெட்டி நாலு பக்கமும் அடையுங்கள். கோரை முட்டுகிற விளிம்பில் மூடிய துளையுள்ள ஃபோம் ஒட்டுங்கள். சாதாரண மெத்தை ஸ்பொஞ்ச் மழையைக் குடித்து இற்றுப்போகும்.

வாய் கோர் அளவுக்குப் பெரிதாக இருக்கத் தேவையில்லை. பாதியளவுகூட இல்லாத வாயும், அதிலிருந்து படிப்படியாக விரிந்து கோரை நிரப்புகிற பெட்டியும் இருந்தால் நன்றாக வேலை செய்யும். திடீரென்று விரிந்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும். கோரின் நடு மட்டும் குளிர்ந்து ஓரங்கள் சும்மா கிடக்கும்.

வாயை மறைக்கிற சாமான்களையும் பாருங்கள். நடுவில் பூட்டிய இலக்கத் தகடு, கூடுதல் விளக்குகள், தடித்த புல்பார். இரவில் வயல்வெளியும் நீரேரியும் தாண்டி வரும்போது பூச்சி அடிக்கிறது என்று நுளம்பு வலை கட்டுகிறார்கள். அந்த நுணுக்கமான வலை காற்றில் நல்ல பங்கைத் தடுத்துவிடும். கட்டத்தான் வேண்டுமென்றால் கண்ணறை பெரிதான கம்பி வலை போடுங்கள், அடிக்கடி கழுவுங்கள்.

மேலமர்வு வகைக்கு ஃபோம் சட்டம்தான் உயிர். பொனற்றை மூடும்போது மூக்கின் வாயையும் கோரின் விளிம்பையும் அது ஒட்டிப் பிடிக்கும். சில வருட வெயிலில் அது பொடியாக உதிர்ந்துவிடும், யாரும் கவனிப்பதில்லை. அது இல்லாவிட்டால் மூக்கால் வரும் காற்று கோருக்கு மேலாக வழிந்தோடிவிடும்.

வெளியேறும் வழியைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு வேகத்தடையில் அடிபட்டு உடைந்ததும், "இது தேவையில்லாத சாமான்" என்று கழற்றி எறிந்துவிடுவது இங்கே வழக்கம். சேறு படாமல் இருக்க மட்டும் அதை வைக்கவில்லை. பல கார்களில், அடியால் ஓடும் காற்று எஞ்சின் அறைக்குள் மேலேறிப் பின்பக்க அழுத்தத்தைக் கூட்டாமல் தடுப்பதும் அதுதான். அது இல்லையென்றால் முன்னால் எவ்வளவு அடைத்தாலும் கோரின் இரண்டு பக்கமும் அழுத்தம் கிட்டத்தட்ட சமமாகி, காற்று உள்ளே போக மறுக்கும். மூன்றாம் படியில் பின்பக்கம்தான் பிரச்சினை என்று தெரிந்தால் முதலில் இந்த மறைப்பைத் தேடிப் பூட்டுங்கள்.

படி 5: டர்போ எந்தக் காற்றைக் குடிக்கிறது?

சத்தத்துக்காகத் திறந்த கோன் ஃபில்டர் போடுகிற பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. அது எஞ்சின் அறையின் சூடான காற்றைத்தான் உறிஞ்சும். மேலே சொன்ன கணக்குப்படி, டர்போவுக்குள் போகும் காற்று 10 பாகை கூடினால் வெளிவருவது 13 பாகை கூடும். கம்பனி பூட்டிய பெட்டியும் முன்னாலிருந்து வரும் குழாயும் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அவற்றை விடுங்கள்.

படி 6: கழுவுதல்

சோளகக் காற்று வீசும் மாதங்களில் புழுதியும் உப்பும் சேர்ந்து வரும். ஊர்காவற்றுறை, காரைநகர் போன்ற தீவுப்பக்கம் தினம் போய்வருகிற வாகனங்களில் ஃபின் (கோரின் குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தகடு) ஓரங்கள் வெள்ளை பூத்துப் பொடிவதைக் காணலாம். பொடிந்த ஃபின் குழாயோடு ஒட்டாது, ஒட்டாவிட்டால் சூட்டைக் கடத்தாது.

சேவிஸ் நிலையத்து அமுக்கப் பீச்சியைக் கிட்ட வைத்து அடிக்க விடாதீர்கள். ஃபின்கள் மடிந்தால் அடைத்ததைவிட மோசம். சாதாரண ஹோஸால், முடிந்தால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மென்மையான சவர்க்கார நீர் விட்டுக் கழுவுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல் தண்ணீர், சில இடங்களில் உவர். துளிகள் அப்படியே காய்ந்தால் கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு ஃபின்களுக்கு இடையிலும் படியும். கழுவியதும் குறைந்த அழுத்தக் காற்றால் ஊதி உலர்த்துங்கள். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் நல்லது. இதே காரணத்தால்தான் இன்டர்கூலருக்குத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பை இங்கே நான் பரிந்துரைப்பதில்லை. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐயில் கம்பனியே அப்படிக் கொடுத்தது உண்மைதான். கிணற்றுத் தண்ணீரை விட்டு ஓட்டினால் ஒரு கோடைக்குள் கோரைக் கெடுத்துவிடலாம்.

உட்பக்கம் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது சாதாரணம். கழற்றிச் சரித்தால் எண்ணெய் வடிகிறதென்றால் டர்போவையோ எஞ்சினின் மூச்சுக் குழாயையோ பார்க்க வேண்டும்.

படி 7: கசிவுச் சோதனை

டர்போவின் உள்வாய்க் குழாயை ஒரு அடைப்பால் மூடி, ரயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, வழக்கமான பூஸ்ட் அளவைத் தாண்டாமல் மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். மூட்டுகளிலும், பிளாஸ்டிக் பக்கத் தொட்டியை அலுமினியத்தோடு மடித்துப் பிடித்த விளிம்பிலும் சவர்க்கார நுரை பூசுங்கள். பழைய வாகனங்களில் அந்த விளிம்பின் கீழ்மூலையில்தான் அநேகமாகக் குமிழி வரும். கசிவு இருந்தால் டர்போ அதை ஈடுசெய்யக் கூடுதலாகச் சுழலும், காற்று இன்னும் சூடாகும். அதையும் இன்டர்கூலர் 'பத்தாது' என்றுதான் வாசிப்பார்கள்.

படி 8: இதற்குப் பிறகும் பெரியது வேண்டுமென்றால்

பூஸ்டைக் கூட்டியிருந்தால், அல்லது பாரம் ஏற்றிக்கொண்டு மாத்தளையிலிருந்து கண்டிக்கு ஏறுகிற வேலை அடிக்கடி இருந்தால் (வேகம் குறைவு, சுமை அதிகம், காற்றுக் குளிர்விப்புக்கு அதைவிட மோசமான நிலை இல்லை) பெரிய கோருக்கு நியாயம் உண்டு.

முகப்பரப்புக்குக் காசு கொடுங்கள், தடிப்புக்குக் கொடுக்காதீர்கள். கோரின் பின்பாதிக்குப் போய்ச் சேருவது முன்பாதியில் சூடாகிவிட்ட காற்று. தடிப்பை இரட்டிப்பாக்கினால் குளிர்ச்சி இரட்டிப்பாகாது. வெளிக்காற்றுக்குத் தடை மட்டும் கூடும். 22 மில்லிமீற்றர் தண்ணீர் அழுத்தத்தோடு அந்தத் தடையைத் தாண்ட வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோரில் இரண்டு பெரிய ரகம். பார் அண்ட் பிளேட் கனமானது, அடி தாங்கும், சூட்டைக் கொஞ்ச நேரம் விழுங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் அதன் சதுரப் பட்டைகள் வெளிக்காற்றை முட்டி நிறுத்தும், ஒருமுறை சூடேறினால் ஆறவும் நேரமெடுக்கும். டியூப் அண்ட் ஃபின் இலேசானது, குழாய்களின் முனை உருண்டிருப்பதால் வெளிக்காற்று வழுக்கிப் போகும். நெரிசலில் நின்று நின்று ஓடுகிற, பின்னால் ஏசி கொண்டென்சர் இருக்கிற நம் ஊர்க் காருக்கு நான் நல்ல டியூப் அண்ட் ஃபின் ஒன்றைத்தான் எடுப்பேன்.

உட்பக்க அழுத்த இழப்பைக் கேளுங்கள். 1 பார் பூஸ்டில் 0.1 பார் (ஒன்றரை பிஎஸ்ஐ) வரை பொறுக்கலாம். குளிர்ந்ததால் கிடைத்த 20 சதவீத அடர்த்தியில் 5 சதவீதத்தை அது திருப்பி வாங்கிவிடும், இருந்தாலும் இலாபம்தான். அதற்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். பக்கத் தொட்டியின் வடிவம் இதில் பாதி வேலை செய்கிறது. குழாய் வந்து புகும் இடத்தில் தொட்டி தட்டையாகவும் குறுகலாகவும் இருந்தால், வாய்க்கு நேரே இருக்கும் நாலைந்து குழாய்களால்தான் காற்று ஓடும், மற்றவை வெறும் பாரம்.

பூட்டும்போது பம்பருக்குள் இருக்கும் மோதல் தாங்கிப் பட்டையை வெட்டித்தான் இடம் எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தக் கோர் உங்கள் காருக்கு உரியதல்ல. பூட்டி முடிந்ததும் இரண்டாம் படியின் மூன்று சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள். கூடவே, ஏசியை முழுவதும் போட்டுவிட்டு மத்தியான வெயிலில் கால்மணி நேரம் நிறுத்தி எஞ்சின் தண்ணீர் வெப்பநிலையையும் பாருங்கள். உள்ளெடுக்கும் காற்று 10 பாகை இறங்கி, தண்ணீர் வெப்பநிலை ஏறி, ஏசி வாயால் வெதுவெதுப்பான காற்று வருகிறதென்றால், ரேடியேற்றருக்குப் போக வேண்டிய காற்றை இன்டர்கூலர் எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு அளவு சிறிய கோருக்கு இறங்குங்கள், அல்லது ரேடியேற்றர் ஃபானையும் அதன் கூட்டையும் சரிபார்த்துவிட்டு மறுபடி அளவெடுங்கள்.